ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா

விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பசும்பாலையும் சர்க்கரையையும் மட்டும் கொண்டு, விறகடுப்பில் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படும் இனிப்பு. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பட்டாசுக்குச் சிவகாசி, காராச்சேவுக்குச் சாத்தூர் என்று பேசப்படும் இந்த வட்டாரத்தில் பாலால் பெயர் பெற்ற ஊர் இது. சிவகாசியிலிருந்து சுமார் 20 கி.மீ. மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டி இருக்கிறது.

பாலைக் கெட்டியாக்க இரண்டு வழிகள் உண்டு: திரிய வைப்பது, சுண்ட வைப்பது. பாலாடைக்கட்டியும் பன்னீரும் வங்காளத்துச் சன்னாவும் முதல் வகை. ஆரோவில்லிலும் கொடைக்கானலிலும் சிறு பண்ணைகளில் செய்யும் சீஸும் இதில்தான் சேரும். புளிப்போ உறைபொருளோ சேர்த்துப் பாலைத் திரித்து நீரை வடித்துவிடுவார்கள். சத்தில் ஒரு பங்கும் அந்த நீரோடு போகும். கோவா இரண்டாம் வகை. இதில் எதையும் வடிப்பதில்லை. பசும்பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதி ஆவியாகப் போக, மற்றதெல்லாம் சட்டியிலேயே தங்கிவிடும்.

வட இந்தியாவில் கோவாவை மூன்றாகப் பிரிப்பர். கெட்டியாகத் திரண்டு நிற்கும் ‘பிண்டி’ பர்பிக்கும் பேடாவுக்கும். ஈரம் மிகுந்து இளகிய ‘தாப்’ குலாப் ஜாமூனுக்கு. சிறிது புளிப்பிட்டு மணல்மணலாக எடுக்கும் ‘தானேதார்’ கலாகந்துக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இம்மூன்றில் எதிலும் அடங்காது. பால் அடுப்பில் இருக்கும்போதே சர்க்கரை சேர்கிறது. இன்னொரு பண்டத்துக்கு மூலப்பொருளாக ஆகாமல் அதுவே பண்டமாக இலைக்கு வருகிறது. கொழுப்பு அதிகம் என்பதால் கோவாவுக்கு எருமைப்பாலே உகந்தது என்பது பொதுக் கருத்து. அந்தக் கருத்து இங்கே எடுபடாது; இதன் இளக்கமும் மணமும் பசும்பாலால் வருபவை. தமிழ் வீடுகளில் சுப காரியங்களுக்குக் காய்ச்சும் திரட்டுப்பால் இதற்கு நெருங்கிய உறவு. அதில் வெல்லம் சேர்ப்பவர்களும் உண்டு.

10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்பது வழக்கமான கணக்கு. கிடைப்பது சுமார் 3 கிலோ. அகன்ற இரும்புச் சட்டியை அடுப்பிலேற்றிப் புளிய விறகையோ முந்திரிக்கொட்டை ஓட்டையோ எரிக்கிறார்கள். பால் பொங்கியது முதல் இறக்கும் வரை கரண்டி நிற்கக் கூடாது. ஓரத்தில் படியும் ஏட்டைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் அசந்தால் அடிபிடித்துச் சட்டி முழுதும் கருகல் வாடை ஏறிவிடும். கிண்டக் கிண்ட வெள்ளை மங்கி, சந்தன நிறம் தட்டும். கரண்டியில் எடுத்தால் ஒழுகாமல் சரிந்து விழுவதே பதம். இதை அளக்கக் கருவி கிடையாது. அனலில் நின்று பழகிய கைக்குத்தான் தெரியும். பால்கோவாவின் தரம் என்று சொல்வதெல்லாம் அந்தக் கையின் தரமே.

வடக்கிலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பத்தார் இத்தொழிலைத் தொடங்கினர் என்பதே ஊரில் நிலைத்த வரலாறு. 192 அடி ராஜகோபுரம் கொண்ட ஆண்டாள் கோயிலுக்கு வந்தவர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு போனதில் பெயர் பரவியது. அக்கம்பக்கத்துக் கிராமங்களில் ஓரிரண்டு கறவை மாடு வைத்திருப்பவர்கள்தான் இத்தொழிலுக்கு அடித்தளம். அவர்கள் ஊற்றும் பாலை வாங்கிக் கூட்டுறவுச் சங்கமும் காய்ச்சுகிறது, தனியார் கடைகளும் காய்ச்சுகின்றன.

இன்று எரிவாயு அடுப்பும் கிண்டும் இயந்திரமும் வந்துவிட்டன. இதே பெயரில் வெளியூர்ச் சரக்கும் விற்பனையாகிறது.

அட்டைப்பெட்டியில் ஊர்ப்பெயர் இருப்பது மட்டும் போதாது. குளிர்பெட்டியில் வைக்காத பால்கோவா ஒரு வாரத்துக்கு மேல் சுவை குன்றும் என்பதால், வாங்குவோர் காய்ச்சிய நாளைக் கேட்டு வாங்க வேண்டும்.