ஒரு சாண் கம்பியும் பஸ் படிக்கட்டும்

ஏர் பஸ் என்றால் உலகத்துக்கெல்லாம் விமானம். நம்மூரில் மட்டும் அது ரோட்டில் ஓடும்! மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் டிக்கெட் எடுக்கும்போது "ஏர் பஸ்சா, சாதா பஸ்சா?" என்று கேட்டு எடுத்த ஒரு தலைமுறையே இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வடபழனி நூறடி ரோட்டில் பெட்டியும் தலையணையுமாக நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். (2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அந்தக் கூட்டம் இடம் மாறியது.)

பல பேர் அதை ஏ.சி. பஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த 'ஏர்' வேறு. பஸ்ஸுக்கு அடியில், அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில், இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாக ரப்பர் பைகள் இருக்கும். பைக்குள் அழுத்தப்பட்ட காற்று. மெக்கானிக்குகள் 'பெல்லோ' என்பார்கள், 'பலூன்' என்றும் சொல்வார்கள். பஸ்சின் மொத்த எடையும் இந்தப் பலூன்கள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை பலூனைப் பற்றியது அல்ல. பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் தொங்கும் ஒரு கம்பியைப் பற்றியது. ஒரு சாண் நீளம் இருக்கும். இரண்டு முனையிலும் சின்ன மூட்டு. நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வெளிநாட்டில் சொகுசு கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கம்பியை மாற்றித்தான் காரைத் தரையோடு தரையாக இறக்குகிறார்கள். அதே வேலையைச் செய்யும் கம்பிதான் சென்னையில் ஒரு டவுன் பஸ் எந்த உயரத்தில் நிற்கும் என்பதையும் முடிவு செய்கிறது. ஒன்று அலங்காரம், இன்னொன்று பிழைப்பு. ஒரே கம்பி இரண்டுக்கும் எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை.

முதலில் கம்பியின் வேலை. பட்டை ஸ்பிரிங் வைத்த பஸ்சில் ஆள் ஏற ஏற வண்டி கீழே இறங்கும். காலி பஸ் ஒரு உயரம், பீக் அவர் பஸ் இன்னொரு உயரம். காற்றுப் பையில் அப்படி விட வேண்டியதில்லை. எடை கூடினால் காற்றைக் கூட்டினால் போதும், உயரம் மாறாது. ஆனால் யார் கூட்டுவது? அதற்குத்தான் லெவலிங் வால்வு. வால்வு சேஸிஸில் மாட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். அந்தக் கையையும் அச்சையும் நம் கம்பி இணைக்கும். பஸ் கீழே அமுங்கினால் கம்பி கையை மேலே தள்ளும், வால்வு திறந்து பைக்குள் காற்று போகும். ஆள் இறங்கி பஸ் எழும்பினால் கை கீழே வரும், காற்று வெளியே போகும். பள்ளத்தில் ஒரு தடவை குலுங்கியதற்கெல்லாம் வால்வு பதறாமல் இருக்கக் கொஞ்சம் தாமதமும் வைத்திருப்பார்கள்.

ஆக, வண்டியின் உயரத்தை வால்வுக்குச் சொல்வது கம்பிதான். கம்பியின் நீளத்தை மாற்றினால் வால்வு ஏமாந்துபோகும். 'அடடா, வண்டி ரொம்ப உயரத்தில் நிற்கிறதே' என்று நினைத்து, அது தானாகவே காற்றை வெளியேற்றி வண்டியை இறக்கிவிடும். இவ்வளவுதான் ரகசியம்.

இது முதலில் காரில் வரவில்லை, பஸ்சில் வந்தது. 1930கள், 40களில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி காற்று ஸ்பிரிங்கோடு நிறைய சோதனைகள் செய்தது. பெரிய அளவில் ரோட்டுக்கு வந்தது 1953ல், ஜெனரல் மோட்டார்ஸின் வெளியூர் பஸ்களில். அடுத்த வருஷம் கிரேஹவுண்ட் கம்பெனியின் சீனிக்ரூஸர் என்ற மாடி வைத்த பஸ்சும் இதே ஏற்பாட்டோடு வந்தது. ஏன் பஸ் முந்திக்கொண்டது? இரண்டு காரணம். ஒன்று, காலிக்கும் நிறைவுக்கும் பஸ்சில் எடை வித்தியாசம் டன் கணக்கில். இரண்டாவது, பஸ்சில் ஏர் பிரேக்குக்காக ஏற்கனவே கம்ப்ரஸரும் காற்று டாங்கியும் இருந்தன. புதிதாகக் காற்றுக்கு அலைய வேண்டாம்.

காருக்கு அந்த வசதி இல்லை. 1957ல் காடிலாக் எல்டொராடோ புரோஹம் என்ற மகா விலை காரில் ஏர் சஸ்பென்ஷன் வைத்தார்கள். மறு வருஷமே ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற கார்களிலும் கொடுத்தார்கள். காற்று கசிந்தது. ராத்திரி நிறுத்திய கார் காலையில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. பணக்காரர்கள் அதைக் கழற்றிவிட்டு சாதா சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். சில வருஷத்தில் அது மறைந்தது. பிரான்சில் 1955ல் வந்த சிட்ரோயன் டி.எஸ். வேறு வழியில் போனது. எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் சேர்ந்த அமைப்பு. நிறுத்தி வைத்தால் அதுவும் கீழே இறங்கிப் படுக்கும். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கோளாறாகப் பார்க்கவில்லை, அழகு என்றார்கள் :-)

காரை வேண்டுமென்றே இறக்குவது தனிக் கதை. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களைத் தரைக்கு மிக அருகில் இறக்கி ஓட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். 'லோரைடர்' என்று பெயர். 1958ல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வரக்கூடாது. அதற்குப் பதிலடி போல 1959ல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் வைத்தார். சுவிட்சைத் தட்டினால் கார் எழும்பும், இன்னொரு தட்டில் இறங்கும். போலீஸ் வரும்போது சட்டப்படி உயரம், போன பிறகு தன் இஷ்டப்படி! சட்டம் ஒரு தொழில்நுட்பத்தைப் பிறக்க வைப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1984ல் லிங்கன் கான்டினென்டல் மார்க் 7 காரில் ஏர் சஸ்பென்ஷன் திரும்பி வந்தது, இந்த முறை எலக்ட்ரானிக்ஸோடு. வால்வு இருந்த இடத்தில் உயரம் அளக்கும் சென்சார். முடிவெடுப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். 1998ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் வந்தபோது இந்த அமைப்பு நன்றாகவே பழகிவிட்டது. ஆனால் கவனியுங்கள், சென்சாருக்குச் செய்தி சொல்வது அதே பழைய கம்பிதான். அதனால் ஏமாற்றும் வித்தையும் அதேதான். கம்பெனி கம்பியைக் கழற்றிவிட்டு, நீளம் மாற்றக்கூடிய கம்பியைப் போட்டு நட்டைத் திருகினால் கம்ப்யூட்டர் ஏமாந்து காரை இறக்கிவிடும். சில கார்களில் கம்பியை நீட்ட வேண்டும், சிலவற்றில் குறுக்க வேண்டும். அது சென்சார் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கு விலை உண்டு. காரின் எடை மாறவில்லை, ஆகவே பைக்குள் அழுத்தமும் ஏறக்குறைய அதேதான். பையின் கொள்ளளவு மட்டும் குறைந்துவிடுகிறது. கொள்ளளவு குறைந்த காற்று விறைப்பான ஸ்பிரிங். மெத்தை போன்ற சவாரிக்காகப் பல லட்சம் கொடுத்து வாங்கிய கார் கட்டை வண்டி மாதிரி குதிக்கும். சக்கரம் உள்பக்கம் சாய்ந்து டயர் ஒரு பக்கமாகத் தேயும். சென்சார் சொல்லும் உயரத்தை நம்பி ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் கார் என்றால் அதன் வெளிச்சமும் இடம் மாறிப்போகும்.

நம்ம ஊரில் இதைச் செய்யலாமா? இப்படிப்பட்ட கார்கள் இங்கேயே தயாராகின்றன. செங்கல்பட்டுக்கு முன்னால் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை 2007ல் திறந்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கார் சம்பந்தமாகக் கிடைக்காத சாமான் குறைவு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. புத்தகத்தின் விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதையும் மீறி மாற்றினால் ரோடு தண்டனை கொடுக்கும். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம் மட்டுமே இருக்க வேண்டும். கோடம்பாக்கத்து உள்தெருக்களில் இருப்பவை பலவும் செங்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். ஐப்பசி மழையில் ரங்கராஜபுரம் சப்வேயைப் பார்த்தவர் யாரும் காரை இறக்க ஆசைப்பட மாட்டார்!

சரி, பஸ்ஸுக்குத் திரும்புவோம். சென்னை டவுன் பஸ்சின் தளம் அவ்வளவு உயரமாக இருந்ததற்குக் காரணம் அது லாரியின் தம்பி என்பதுதான். எஞ்சின் முன்னால், ஏணி மாதிரி சேஸிஸ், அதற்கு மேல் பலகை, அதற்கு மேல் சீட்டு. எண்ணூரில் அசோக் லேலண்ட் சேஸிஸ் கொடுக்கும், அதன் மேல் பாடி கட்டுவார்கள். 1972ல் பல்லவன் தொடங்கியபோதும் இதுதான், மாநகர் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் மாறியபோதும் இதுதான். தரையிலிருந்து தளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பவர் ஹவுஸ் ஸ்டாப்பில் முட்டி வலியோடு ஏறும் பாட்டி ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் புடவையையும் பிடித்து, முதல் படியில் காலை வைப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஸ்டாப்புக்கே வருவதில்லை. வராததால், 'அவர்கள் யாரும் பஸ்சில் வருவதில்லையே' என்று ஒரு வாதமும் வந்தது.

ஏர் சஸ்பென்ஷன் தெரியாத ஊரா இது? பாடியில் 1960ல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஏர் சஸ்பென்ஷன் தயாரிக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டும் புதிய மின்ரயில் பெட்டிகளிலும் காற்று ஸ்பிரிங் உண்டு, லெவலிங் வால்வும் கம்பியும் உண்டு. கோடம்பாக்கம் ஸ்டேஷனில் காலை ஒன்பது மணிக்கு எத்தனை பேர் தொற்றினாலும் பெட்டி பிளாட்பாரத்துக்குக் கீழே ரொம்ப அமுங்காமல் நிற்பது அதனால்தான். ஆம்னி பஸ்காரர்கள் காற்றை விளம்பரமாகவே வைத்து விற்றார்கள். டவுன் பஸ்சுக்கு மட்டும் பட்டை ஸ்பிரிங் போதும் என்று விட்டுவிட்டோம். தினமும் அதிகம் பேர் ஏறி இறங்குவது அதில்தான்.

2008ல் மத்திய அரசு நகரப் பஸ்களுக்கான விதிமுறையில் மூன்று உயரங்களை வகுத்தது: 400 மி.மீ., 650 மி.மீ., 900 மி.மீ. ஜே.என்.என்.யு.ஆர்.எம். பணத்தில் சில தாழ்தள, பாதித் தாழ்தள வண்டிகள் சென்னைக்கும் வந்தன. வால்வோ ஏ.சி. பஸ்சும் வந்தது. அவை ஒவ்வொன்றாகத் தேய்ந்து மறைய, பிறகு வாங்கியவை பெரும்பாலும் பழைய உயரத்துக்கே போய்விட்டன. 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதை வைத்து வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் விடாமல் வழக்கு நடத்தினார்கள். உயரமான பஸ் வாங்காதே என்பது அவர்கள் கேட்டது. சென்னை ரோட்டில் பள்ளம், மேடு, மழைத் தண்ணீர், தாழ்தள பஸ் தாங்காது என்பது அரசு சொன்னது.

அரசின் வாதம் முழுப் பொய் இல்லை. மேலே காருக்கு நான் சொன்ன அதே காரணங்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காரை இறக்குகிறவர் கம்பியைத் திருகி நிரந்தரமாக இறக்குகிறார். பஸ் அப்படி நிரந்தரமாகக் குனிந்து ஓட வேண்டாம். எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய் சேஸிஸையே தாழ்வாக அமைத்தால் 400 மி.மீ. கிடைக்கும். ஸ்டாப்பில் நிற்கும்போது டிரைவர் ஒரு சுவிட்சைத் தட்டினால் வால்வை மீறி இடது பக்கப் பைகளிலிருந்து காற்று வெளியேறி, பஸ் கதவுப் பக்கம் சில அங்குலம் சாயும். ஆளை ஏற்ற யானை முன்காலை மடக்குகிற மாதிரி. ஏறி முடித்ததும் காற்று திரும்ப நிறைந்து பழைய உயரத்துக்கு வந்துவிடும். தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்ட வண்டியைச் சற்று உயர்த்தவும் இதே காற்றால் முடியும். ரான் அகிர்ரே போலீஸுக்காகச் செய்ததைப் பஸ் பள்ளத்துக்காகச் செய்கிறது!

2023ல் வழக்கு, எல்லாம் தாழ்தளமாக வராது, ஒரு பகுதி வரும் என்ற இடத்தில் வந்து நின்றது. சென்னை, கோவை, மதுரைக்காக 552 தாழ்தள பஸ்களுக்கான ஆர்டர் அசோக் லேலண்டுக்குப் போனது. 2024 ஆகஸ்டில் முதல் 58 பஸ்கள் சென்னையில் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து கிளம்பிய மின்சார பஸ்களும் தாழ்தளம்தான்.

மிச்சம் இருப்பது ஸ்டாப். பஸ் குனிய வேண்டும் என்றால் நடைபாதையை ஒட்டி வந்து நிற்க வேண்டும். மெட்ரோ வேலைக்காகப் பல வருஷம் தடுப்புப் போட்டு வைத்திருந்த ஆற்காடு ரோட்டில் நடைபாதை எங்கே முடிகிறது, ரோடு எங்கே தொடங்குகிறது என்பதே சில இடங்களில் புரியாது. அதன் மேல் பைக், பழவண்டி, ஷேர் ஆட்டோ. பஸ் இரண்டாவது லேனில் நின்றுவிட்டால் பயணி முதலில் ரோட்டில் இறங்கி, பிறகுதான் பஸ்சில் ஏற வேண்டும். அப்போது சாய்தளப் பலகையை நேரே தார் ரோட்டின் மேல் இறக்க வேண்டியிருக்கும். நடைபாதை மேல் என்றால் மெல்லிய சரிவாகக் கிடக்கும் அதே பலகை, ரோட்டில் வைக்கும்போது செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் தேவைப்படும். தனியாக வந்தவர் கண்டக்டரைத்தான் பார்க்க வேண்டும்.