திருநர் உளநலம் (இலங்கை)

பிறப்பில் பதியப்பட்ட பாலுக்கு மாறான பாலினத்தைத் தமதாக உணர்பவர்கள் திருநர். திருநங்கை, திருநம்பி இருசாராரையும் இச்சொல் குறிக்கும். இவர்களிடையே மனச்சோர்வும் பதகளிப்பும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குக் காரணம் திருநராயிருப்பதல்ல, அதற்காக அவர்கள் நடத்தப்படும் விதம். இலான் மேயர் 2003இல் விளக்கிய 'சிறுபான்மையர் நெருக்கடி'க் கோட்பாட்டை ஹென்ட்ரிக்ஸ், டெஸ்டா இருவரும் 2012இல் திருநருக்கும் விரித்தனர். அதன்படி, ஏச்சும் அடியும் ஒருபுறம். அடுத்த ஏச்சை எதிர்பார்த்தே வாழ்வதும், ஏசுபவர் சொல்வது சரிதானோ என்று தன்னையே வெறுப்பதும் மறுபுறம். உலகச் சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு, பாலின முரண்பாட்டை உளநோய்களிலிருந்து எடுத்துவிட்டது. அது 2022இல் நடைமுறைக்கு வந்தது.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கும் 365அ பிரிவும், ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும், 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இலங்கைத் திருநர்மீது பொலிஸார் கையாண்டவை. ஓரினச் சேர்க்கையைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் கூறியது. 2024இல் நாடாளுமன்றம் கலைந்தபோது அது நிறைவேறாமலே போனது.

2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல வைத்திய நிபுணர் தரும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். பிறகு அடையாள அட்டையை மாற்றலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உளநோயல்ல என்று ஆன பிறகும் வாசல் மனநலக் கிளினிக்கிலேயே இருக்கிறது. ஆண், பெண் தவிர்ந்த வேறொரு பாலினத்துக்கும் அதில் இடமில்லை.

அந்த வாசலை எட்டுவதும் எல்லா ஊராருக்கும் இலகுவல்ல. கதிரவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில் வாகரைப் பிரதேசத்தில் உள்ளது. சுனாமியும், 2006 நவம்பர் 8இல் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலைமீது விழுந்த எறிகணைகளும் காயப்படுத்திய ஊர். இங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போனதுதான்.

உணர்வை இனங்கண்டு, அடக்கியோ வெளிப்படுத்தியோ கையாளும் உணர்வுத்திறன் இத்தகைய ஏச்சையும் அலைச்சலையும் தாங்கக் கைகொடுக்கும். ஆயினும் முழுப் பொறுப்பையும் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றுவது அநியாயம். சேலை உடுத்து வரிசையில் இருப்பவரைக் கிளினிக்கில் அட்டையிலுள்ள ஆண் பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். எழும்பினால் எல்லாக் கண்ணும் அவர்மேல். எழும்பாவிட்டால் முறை தவறிவிடும். அங்கே அவருக்குப் பொறுமையைப் போதிப்பதைவிட, துண்டு இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிடுவது இலகு. அதற்குச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

உளநல உதவி வேண்டுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.