கடலுக்கு அங்கால ஒரே சபை, ஒழுங்கைக்கு அங்கால வேறு சபை

வடக்கின் பெரும்போர் எண்டால் யாழ்ப்பாணத்தில தெரியாத ஆக்கள் இல்லை. 1904இலிருந்து சென். ஜோன்ஸும் மத்திய கல்லூரியும் ஆடுகிற கிரிக்கெட். ஆனால் இந்த இரண்டு பள்ளிக்கூடங்களையும் தொடங்கியவை இரண்டு வேறு மிஷன்கள் என்பதை மைதானத்தில யாரும் யோசிக்கிறதில்லை. சென். ஜோன்ஸ் ஆங்கிலிக்கன் சபையின் சி.எம்.எஸ். மிஷனுடையது, மத்திய கல்லூரி வெஸ்லியன் மெதடிஸ்டுடையது. வட்டுக்கோட்டையில இருக்கிற யாழ்ப்பாணக் கல்லூரியோ அமெரிக்கன் மிஷன் வழி வந்தது. எங்கட பள்ளிக்கூடங்களை ஒரு வரைபடத்தில குறித்தால் அது அப்படியே சபைப் பிரிவுகளின் வரைபடமாகவும் இருக்கும்.

வெஸ்லியன்கள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள், அமெரிக்கர்கள் 1816இல், சி.எம்.எஸ். 1818இல். ஒருவர் வயலில் மற்றவர் விதைக்காமல் இருக்கக் குடாநாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். தெல்லிப்பழை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் பக்கம் அமெரிக்கர். நல்லூர், சுண்டுக்குளி, கோப்பாய் சி.எம்.எஸ். பட்டினமும் பருத்தித்துறையும் வெஸ்லியன். ஆகவே பருத்தித்துறையில் ஒருவர் மெதடிஸ்ட் ஆனது ஜோன் வெஸ்லியை வாசித்து அல்ல, பருத்தித்துறையில் பிறந்ததால். சபை வேறுபாடு எண்டு இண்டைக்கு நாங்கள் சொல்லுறதில பாதி, மிஷனரிமார் பிரித்த எல்லைக்கோடுதான்.

ஞானஸ்நானத்தின் கதை இதைவிடப் பழையது. ஒல்லாந்தர் காலத்தில (1658 முதல்) அரசாங்க உத்தியோகம் வேணுமெண்டால் ஞானஸ்நானம் வேணும். கலியாணமும் பிறப்பும் பதியப்பட்டது சபையின் பள்ளிக்கூடத்தில். சைவ வழிபாட்டுக்குப் பகிரங்க இடமில்லை, கத்தோலிக்கருக்கும் இல்லை. யோசேப் வாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு ஒளித்துத்தான் வந்தார். ஊரூராகச் சனம் ஞானஸ்நானம் பெற்றது, ஆனால் இராப்போசனத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலர். 1795இல் யாழ்ப்பாணக் கோட்டை பிரிட்டிஷாரிடம் போய், கட்டாயம் நீங்கினதும், அந்தப் பெரிய தொகை கரைந்துபோனது. சைவர்களாகவே இருந்தவர்கள் வெளியாகச் சைவர்கள் ஆனார்கள், அவ்வளவுதான். அவர்களைப் பொய்யர் எண்டு சொல்ல எங்களுக்கு மனமில்லை. காணியும் வேலையும் தண்ணியில தங்கியிருந்தால் யார்தான் தலை நனைக்காமல் விடுவார்?

பின்னால் வந்த அமெரிக்கர்கள் மறுபக்கம் போனார்கள். அவர்கள் கொங்கிரிகேஷனல் வழி. விசுவாசிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு, ஆனால் சபையில் முழு அங்கத்தவராக வேணுமெண்டால் தானே வாய்திறந்து விசுவாசத்தை அறிக்கை செய்யவேணும். அதனால் மதம் மாறியவர் தொகை குறைவாகவும், படித்தவர் தொகை அதிகமாகவும் இருந்தது. பிள்ளையின் படிப்புக்குக் காசு தந்த அமெரிக்கர் பெயரைப் பிள்ளைக்கே வைத்தார்கள். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும் விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும் அப்படித்தான். வட்டுக்கோட்டையில் அவர்கள் குடியேறியதோ போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பாவித்து, பாழாய்க் கிடந்த ஒரு கோயிலில். கத்தோலிக்கம், ஒல்லாந்த சீர்திருத்த சபை, அமெரிக்கன் மிஷன் எல்லாம் பார்த்த அந்த இடம் இப்ப தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம்.

அந்தத் 'தென்னிந்திய' எண்ட சொல் எப்படி வட்டுக்கோட்டைக்கு வந்தது? 1908இல் தென்னிந்தியாவின் பிரஸ்பிட்டேரியன், கொங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாகித் தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது, யாழ்ப்பாணத்து அமெரிக்கன் மிஷன் சபைகளும் அதில் சேர்ந்தன. 1919இல் தரங்கம்பாடியில் வி. எஸ். அசரியா போன்றவர்கள் கூடிப் பெரிய ஐக்கியத்துக்கு அழைப்பு விட்டார்கள். 28 வருடம் பேச்சு. 1947 செப்ரெம்பர் 27இல், இந்தியா சுதந்திரம் பெற்று ஏறக்குறைய ஆறு கிழமையில், சென்னை சென். ஜோர்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபை மூன்றும் ஒரே திருச்சபை ஆயின. அன்றைக்கு அபிஷேகம் பெற்ற புதிய பேராயர்களில் யாழ்ப்பாணத்துக்குரியவர் சபாபதி குலேந்திரன். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதியவரும் அவர்தான்.

இங்கதான் விசித்திரம். அன்றிலிருந்து உடுவில் கிறிஸ்தவர் ஒருவர், மதுரையில் முன்பு ஆங்கிலிக்கனாகவோ மெதடிஸ்டாகவோ இருந்தவருடன் ஒரே சபை. ஆனால் சுண்டுக்குளி ஆங்கிலிக்கனுடனும் பருத்தித்துறை மெதடிஸ்டுடனும் வேறு வேறு சபை! கடல் கடந்து ஒன்றானவர்கள் ஒழுங்கையைக் கடக்கவில்லை. காரணம் மனக்கசப்பு இல்லை. இலங்கை ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் தீவு முழுவதற்கும் தனியாக ஒரு ஐக்கியத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'லங்கா திருச்சபை' எண்ட அந்தத் திட்டத்தில் யாழ்ப்பாண ஆதீனமும் பங்காளி.

1947 தென்னிந்திய ஐக்கியத்தில் பப்டிஸ்டுகள் இல்லை, இலங்கைப் பேச்சுவார்த்தையில் இருந்தார்கள். அதனால் தென்னிந்தியர் பெரிதாக முகம்கொடுக்காத கேள்வி இங்க மேசைக்கு வந்தது: கைக்குழந்தைக்குக் கொடுப்பது ஞானஸ்நானமா? இல்லை எண்டது பப்டிஸ்ட் பக்கம். விசுவாசிக்கிறேன் எண்டு தானே சொல்லக்கூடியவருக்குத்தான் அது, அதுவும் முழுக்கு. ஓம் எண்டது மற்றப் பக்கம். கடவுளின் கிருபை நாங்கள் பேசத் தொடங்க முதலே வருகுது, அதைத்தான் குழந்தையின் நெற்றியில் விழும் தண்ணீர் சொல்லுது. இரண்டு பக்கமும் ஒரே வசனத்தைத் தூக்கும். அப்போஸ்தலர் 16இல் பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலனும் அவன் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த வீட்டில குழந்தை இருந்ததா? லூக்கா எழுதவில்லை. அவர் ஒரு சொல் கூட எழுதியிருந்தால் ஐந்நூறு வருடச் சண்டை குறைந்திருக்கும்.

இலங்கைத் திட்டத்தின் விடை எங்களுக்குப் பிடித்தது. இரண்டு வழியையும் ஒரே சபைக்குள் வைத்தார்கள். ஒரு வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம், வளர்ந்தபின் சொந்த வாயால் அறிக்கையும் திடப்படுத்தலும். பக்கத்து வீட்டில் குழந்தைக்கு அர்ப்பண ஜெபம், வளர்ந்தபின் ஞானஸ்நானம். இரண்டிலும் கிருபை இருக்கு, சொந்த முடிவும் இருக்கு, வரிசை மட்டும் மாறுது. 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபை பப்டிஸ்டுகளையும் சேர்த்து இதே வழியில் போனது.

லங்கா திருச்சபை பிறக்கவில்லை. தெல்லிப்பழையில் பிறந்த டி. ரி. நைல்ஸ், 1948இல் ஆம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க ஆராதனையில் பிரசங்கித்த மெதடிஸ்ட், சொந்த நாட்டு ஐக்கியத்தைக் காணாமலே 1970இல் இறந்தார். 1970களின் தொடக்கத்தில், கரைக்கு வந்த நேரத்தில், ஆங்கிலிக்கன் சபைக்குள் உடன்படாத சிலர் நீதிமன்றம் போனார்கள். அதோட திட்டம் நின்றது. பிறகு நாடே வேறு நெருப்புக்குள் போய்விட்டது. கவனியுங்கோ, ஞானஸ்நானம் எண்ட பெரிய முடிச்சு அவிழ்ந்திருந்தது. இழுத்து விழுத்தியது வழக்கு. இந்த நூற்றாண்டில் யாழ்ப்பாண ஆதீனத்துக்குள்ளேயே வந்த பிளவும் பேராயர் தெரிவைப் பற்றியது. பிரிந்தவர்கள் அமெரிக்க இலங்கை மிஷன் எண்ட பழைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பும் குழந்தைக்கு ஒரே மாதிரித்தான் ஞானஸ்நானம் கொடுக்கினம்.

இப்ப அந்த முடிச்சைத் திரும்ப இறுக்கிறது பெந்தெகொஸ்தே சபைகள். போருக்குள்ளும் போருக்குப் பிறகும், இடம்பெயர்ந்த சனத்திட்ட முதலில் போய் நின்றவர்களில் அவையும் இருந்தார்கள், அதை மறைக்கக்கூடாது. ஆனால் மெதடிஸ்ட் வீட்டுப் பெடியன் ஒருவன் அங்க போய் முழுக்கு எடுத்தால் என்ன நடக்குது? அவனுக்கு அதுதான் முதல் ஞானஸ்நானம். அவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நின்ற அம்மம்மாவுக்கு அது இரண்டாவது. தான் அண்டைக்குச் செய்தது வெறும் தண்ணீர் எண்டு பேரன் சொல்லுற மாதிரி அவவுக்குக் கேக்குது. பெடியனோ, அண்டைக்கு என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே எண்டு சொல்லுவான். ஒல்லாந்தர் காலத்தை நினைத்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அம்மம்மா உத்தியோகத்துக்காகத் தண்ணி வார்ப்பித்தவ இல்லை. 1982இல் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் சேர்ந்து எழுதிய ஆவணமும் மறு ஞானஸ்நானம் போலத் தோன்றுவதைத் தவிர்க்கச் சொல்லுது.

1964இல் வத்திக்கான் சங்கம் பிரிந்த சபைகளின் ஞானஸ்நானத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் மெதடிஸ்ட் பெண் ஒருத்தி யாழ்ப்பாணக் கத்தோலிக்கப் பெடியனைக் கட்டினால் அவளுக்குத் திரும்ப ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். திருவிருந்து மேசை மட்டும் வேறு. பதினாறாம் நூற்றாண்டில் பிரிந்த ரோமாபுரி அவளுடைய நெற்றியில் விழுந்த தண்ணீரை ஏற்குது, போன வருடம் வேற சபைக்குப் போன அவளுடைய தம்பி ஏற்கிறான் இல்லை. கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டுக்கு வரேக்க இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை, பலகாரத்தைப் பற்றித்தான் கதைக்கினம்.