கடல் கடவாத கவிஞரும் வெனிஸ் நகரமும்

தான் காணாத ஊரைக் கவிஞன் எழுதலாமா? பாப்புனையும் நம்மனோர் பலர்க்கும் இவ்வினா ஒருமுறையேனும் எழுந்திருக்கும். விடை காண ஆங்கில நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியரை (1564–1616) நாடுவது பொருந்தும்.

அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே சென்றதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆயினும் அவர்தம் நாடகங்கள் வெனிசிலும் வெரோனாவிலும் சைப்பிரசிலும் நிகழ்கின்றன. கையுறை செய்தவரின் மகனுக்கு இத்தாலியை எவ்வாறு தெரியும் என ஐயுற்ற சிலர், அந்நாடகங்களே அவருடையன அல்ல என்று வழக்காடவும் துணிந்தனர்.

அவர் அறிவு பெற்ற வழிகளோ மறைபொருள் அல்ல. ரோமியோ ஜூலியட் கதைக்கு ஆர்தர் புரூக் 1562-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதைப்பாடல் அடிப்படையாயிற்று. ரோமாபுரி நாடகங்களுக்குத் தாமஸ் நார்த் 1579-இல் ஆங்கிலமாக்கிய புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகள் துணைநின்றன. ஒதெல்லோவின் கதை, சிந்தியோ என்னும் இத்தாலியர் 1565-இல் வெளியிட்ட தொகுதியில் உள்ளது. வெனிசின் ஆட்சிமுறையை விளக்கும் கொன்டாரினியின் நூலும் 1599-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

நூல்களேயன்றி மாந்தரும் அருகில் இருந்தனர். லண்டனில் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றின் இல்லத்தில் அவர் குடியிருந்ததை 1612-ஆம் ஆண்டின் நீதிமன்றச் சாட்சியம் காட்டுகிறது. 1598-இல் இத்தாலிய ஆங்கில அகராதி வெளியிட்ட ஜான் புளோரியோ தம் நூலைப் படைத்த புரவலருள் ஒருவர் சவுதாம்ப்டன் பிரபு. ஷேக்ஸ்பியர் 1593, 1594 ஆகிய ஆண்டுகளில் தம் இரு காவியங்களையும் படைத்தது அப்பிரபுவிற்கே.

கேட்டறிந்த அறிவில் வழுவும் நேரும். கடலில்லாத போகிமியா நாட்டிற்கு அவர் 'குளிர்காலக் கதை' நாடகத்தில் கடற்கரை அமைத்தார். உடன்காலக் கவிஞர் பென் ஜான்சன் அதனை எள்ளி நகையாடினார்.

அங்ஙனமாயின், அவர் வெனிசைப் பற்றி அறிந்தது யாது? 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் அந்நகரின் மாளிகை வண்ணனைகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். வணிகர் கூடும் ரியால்டோவும் பெயரளவில்தான் வருகிறது. ஆனால், பல நாட்டார் வாணிகத்தால் வாழும் நகரம் அயலாரின் உரிமையை மறுத்தால் அதன் நீதி பழிக்கப்படும். எனவே கடன்முறியைக் கோமகனும் விலக்க இயலாது. இந்த ஓர் உண்மையில்தான் அந்தோனியோவின் உயிர் ஊசலாடுகிறது. நகரத்தார் ஒருவரின் உயிரைக் குறிவைத்த அயலான் என்று கூறி, அந்நகரின் சட்டமே இறுதியில் ஷைலாக்கையும் வீழ்த்துகிறது. அயலாரை நம்பி வாழும் ஊர் அவரை அயலாராகவே வைத்திருக்கும் கொடுமையை, அவ்வூரை மிதியாத ஒருவர் கண்டு சொன்னார்.

பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை 'வாணீபுர வணிகன்' எனத் தமிழில் தழுவியபோது ஊர்ப்பெயர் மாறியது. கதையோ தமிழ் மேடைக்கும் இசைந்தது.

கப்பலேறப் பொருளில்லாத கவிஞர்க்கு இதில் ஆறுதலும் உண்டு, கடமையும் உண்டு. ஓர் ஊரைக் காணாமல் எழுதுவது குற்றமன்று. அவ்வூரார் எதை நம்பி, எதற்கு அஞ்சி வாழ்கின்றனர் என்று கற்றும் கேட்டும் அறியாமல் எழுதுவதே குற்றம்.