தராசு யார் கையில்?

கோவை நகரிலே ஒரு கோயில் உண்டு. பிளேக் மாரியம்மன் கோயில்! நோயின் பெயர் முன்னே, தெய்வத்தின் பெயர் பின்னே! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இந்நகரைப் பன்முறை தாக்கிற்று. பதறிய மக்கள் அம்மன்முன் அழுது நின்றனர். அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. வேறு எவரிடம் முறையிடுவது? அதைச் சொல்வார் இல்லையே அன்று!

1929-இல் சிறுவாணி நீர் கோவைக்கு வந்தது. அதற்கு உழைத்தவர் நகராட்சித் தலைவராயிருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார். நலவாழ்வு, வேண்டுதலால் அல்ல, திட்டத்தால் வருவது என்று ஊர் கண்டது. ஆனால், குழாய் எந்தத் தெருவோடு நின்றது என்று கேட்கும் உரிமை? சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு இருந்த காலமன்றோ அது!

அந்தக் கேள்விக்கு உலக மன்றத்தில் இடம் கிடைத்தது 1978-இல். சோவியத் நாட்டு அல்மா-ஆட்டாவில் கூடிய நாடுகள், நலவாழ்வுப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கு கொள்வது மக்களின் உரிமை, கடமையுங்கூட என்று அறிவித்தன. 2005-இல் இந்திய அரசு ஊரக நலவாழ்வு இயக்கத்தைத் தொடங்கிற்று. அதன்கீழ் 2007-இல் மக்கள் கண்காணிப்பு, ஒன்பது மாநிலங்களில் முன்னோடி முயற்சியாக முளைத்தது. தமிழகத்தில் தருமபுரி, கன்னியாகுமரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர் ஆகிய மாவட்டங்கள். கோவை அப்பட்டியலில் இல்லை.

முறை எளிது. ஊர்க்குழு மக்களைக் கேட்கும்: செவிலியர் வந்தாரா? மருந்து கிடைத்ததா? கையூட்டுக் கேட்டனரா? விடைகள் ஓர் அட்டையில் ஏறும். நன்று எனில் பச்சை, நடுத்தரம் எனில் மஞ்சள், தீது எனில் சிவப்பு. எழுத்தறியாப் பாட்டியும் ஏட்டை அறிவாள்! அவ்வட்டையில் சமன்மைக்கென்றே தனி வரி ஒன்றும் உண்டு.

அது ஏன் தனியே? கணக்குச் சொல்லித் தரும் ஆசிரியன் நான், கேளுங்கள். ஓர் ஊரில் நூறு குழந்தைகள். தொண்ணூறு பேருக்குத் தடுப்பூசி. வெற்றி என்பார் அதிகாரி. விடுபட்ட பத்துக் குழந்தைகளும் ஒரே தெரு — அருந்ததியர் தெரு — என்றால்? சராசரி சிரிக்கிறது, நீதி அழுகிறது! இரட்டைக் குவளை கண்ட கொங்கு மண்ணிலே இது வெறுங்கற்பனை என்று யார் துணிந்து சொல்வார்?

குழு அமைத்தால் மட்டும் போதாது. ஊர்ப் பெரியதனக்காரர் நாற்காலியில் அமர்ந்து வினவினால், கூலிக்காரப் பெண் குறை சொல்வாளா? நாளை வேலை வேண்டுமே அவளுக்கு! ஆகவே அவள் தெருவுக்கே சென்று, அவளையே குழுவில் அமர்த்தி, அவள் கையில் தராசைக் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 — கிராமசபை கூடும் நாட்கள். ஆணைக்குக் காத்திராமல், தெருத்தெருவாய்க் கேட்டு எழுதிய அட்டையோடு அங்கே எழுந்து நில்லுங்கள். அன்று அம்மன்முன் அழுதவரின் பேரர், இன்று அவைமுன் கணக்குக் கேட்கட்டும்!