புகையில் பக்குவமான மீன்



அரசர்கள் செய்த போர்களையும் அவர்கள் எழுதிய உடன்படிக்கைகளையும் நாம் வரலாறு என்று படிக்கிறோம். ஆனால் உணவுக்கும் வரலாறு உண்டு. அடுக்களையில் கொதிக்கும் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால், அதற்குள்ளே கடலும் காற்றும், ரயிலும் சந்தையும், பல தலைமுறை மக்களின் உழைப்பும் அடங்கியிருப்பதைக் காணலாம். இன்றைய பேச்சில், ஸ்காட்லாந்து மக்கள் வீடுகளில் சமைத்து உண்ணும் புகையூட்டிய ஹேடக் மீனின் வரலாற்றைப் பார்ப்போம்.

ஹேடக் என்பது வட அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீரில் வாழும் மீன். காட் மீனின் இனத்தைச் சேர்ந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். செவுளுக்குச் சற்றுப் பின்னால், மையில் தோய்த்த கட்டைவிரலை அழுத்தினாற்போல் ஒரு கரும்புள்ளி இருக்கும். இயேசுவின் சீடராகிய பேதுரு, மீனின் வாயிலிருந்து நாணயம் எடுத்தபோது பதிந்த விரல் அடையாளமே அது என்று ஒரு கதை வழங்குகிறது. ஆனால் பேதுரு மீன் பிடித்த கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. உப்புக் கடலில் வாழும் ஹேடக் அங்கே கிடையாது. கதை அழகாக இருக்கிறது. வரலாறு வேறாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மீனுக்கு ஏன் புகை போட வேண்டும்? குளிர்ப்பெட்டியும் பனிக்கட்டியும் இல்லாத காலத்தில், பிடித்த மீனைச் சில நாள்களாவது கெடாமல் காக்க வேண்டியிருந்தது. உப்பு, மீனிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறைந்தால் கிருமிகள் பெருகுவது குறையும். அதன்பின் புகை தன் வேலையைச் செய்கிறது. எரியும் மரத்திலிருந்து எழும் ஃபீனால் முதலிய பொருள்கள் மீனின் மேல் படிந்து, கிருமிகளையும் பூஞ்சையையும் தடுக்கின்றன. ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரப்பர்த் தகடுகளைப் புகை போட்டு உலர்த்தினால் பூஞ்சை பிடிப்பதில்லை அல்லவா? அதே முறைதான் இதுவும்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இரண்டு ஊர்கள் இரண்டு முறைகளுக்குப் பெயர் பெற்றவை. முதலாவது, அபர்டீன் நகருக்குத் தெற்கே உள்ள ஃபின்டன் என்னும் சிற்றூர். உள்ளூர் மக்கள் அதை ஃபின்னன் என்பர். அங்கே மீனின் தலையையும் குடலையும் நீக்கி, இரண்டாகப் பிளந்து விரித்து, இலேசாக உப்பிட்டுப் புகையில் தொங்கவிட்டார்கள். சதுப்பு நிலத்துப் பாசியும் புல்லும் மட்கிப் படிந்த பீட் என்னும் கட்டிகளே அவர்களுக்கு விறகு. புகை மட்டுமே மீனைச் சேரும், சூடு சேராது. வெப்பம் ஏறத்தாழ 30 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே இந்த மீன் புகை மணம் பெற்றிருந்தாலும் பச்சை மீன்தான். சமைத்தே உண்ண வேண்டும். இதற்கு ஃபின்னன் ஹேடி என்று பெயர்.

இரண்டாவது, ஆர்ப்ரோத் நகருக்கு அருகில், குன்றின் உச்சியில் அமைந்த ஆக்மிதி என்னும் மீனவர் கிராமம். இங்கே மீனைப் பிளப்பதில்லை. தலையையும் குடலையும் நீக்கி, உப்பிட்டு, இரண்டிரண்டு மீன்களாக வாலில் கயிறு கட்டிக் கம்பில் தொங்கவிடுவார்கள். கீழே பீப்பாயிலோ குழியிலோ ஓக், பீச் போன்ற கெட்டி மரங்கள் எரியும். மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். ஒரு மணி நேர அளவில் மீன் வெந்து, செப்பு நிறம் பெற்றுவிடும். இதுதான் ஆர்ப்ரோத் ஸ்மோக்கி. 19ஆம் நூற்றாண்டில் ஆக்மிதி மீனவர் பலர் ஆர்ப்ரோத்தில் குடியேறியதால், அந்நகரின் பெயரே மீனுக்கு நிலைத்தது.

ஆக்மிதியில் ஒரு வீட்டில் தீப்பற்றியது, அங்கிருந்த மீன்கள் வெந்து மணத்தன, அப்படித்தான் இந்த முறை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நேயர்களே, சிறிது எண்ணிப் பாருங்கள். தீ விபத்து மீனைச் சுடும். எவ்வளவு உப்புப் போட வேண்டும், எந்த மரம் ஏற்றது, சாக்கை எப்போது நனைக்க வேண்டும் என்பதைக் கற்றுத் தராது. அவற்றைக் கற்றுத் தந்தது நீண்டகாலப் பழக்கம். அந்தப் பழக்கம் பெரும்பாலும் யாருடையது? மீனவப் பெண்களுடையது.

ஆண்கள் படகில் சென்றார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் கொண்டுசென்ற தூண்டில் கயிற்றில் ஏறத்தாழ 1200 முட்கள் இருக்கும். ஒவ்வொரு முள்ளிலும் சிப்பியின் சதையைக் கோத்துக் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள். சிப்பியைப் பொறுக்குவதும் உடைப்பதும் அவர்கள் வேலையே. பிள்ளைகளும் பள்ளிக்குப் போகுமுன் உதவினார்கள். படகுத்துறை இல்லாத கரைகளில், கணவன்மாரின் காலணி நனையாதபடி அவர்களை முதுகில் சுமந்து படகில் ஏற்றிவிட்ட பெண்களும் இருந்தார்கள். நனைந்த காலோடு பனிக்கடலில் நாள் முழுதும் இருந்தால் உடல் தாங்காது. படகு திரும்பியதும் மீனைச் சுத்தம் செய்து, புகையிட்டு, முதுகுக் கூடையில் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர்களும் அவர்களே. புனிதரின் விரலும் தீ விபத்தும் கதையில் இடம்பெற்றன. இந்தப் பெண்களின் கைகள் இடம்பெறவில்லை.

அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை உழைப்பு மட்டுமன்று. 1881 அக்டோபர் 14ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கரையில் பெரும்புயல் வீசியது. 189 மீனவர்கள் மாண்டனர். அவர்களுள் 129 பேர் ஐமத் என்னும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். கரைக்கு அருகிலேயே படகுகள் உடைவதை மனைவியரும் மக்களும் நின்று பார்த்தார்கள். தட்டில் வைக்கும் மீனுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு உண்டு.

பின்னர் காலம் மாறியது. 1850இல் அபர்டீனுக்கு ரயில் வந்தது. அங்கே புகையிட்ட மீன் தொலைவிலுள்ள பெருநகரங்களுக்கு விரைவாகச் சென்றது. 1882இல் டாய்லர் என்னும் நீராவிப் படகு அபர்டீனிலிருந்து இழுவலை போட்டு மீன் பிடிக்கத் தொடங்கியது. இழுவலைக்குத் தூண்டில் முள்ளும் வேண்டாம், சிப்பியும் வேண்டாம். மீன்பிடித் தொழில் சிற்றூர்களை விட்டுப் பெரிய துறைமுகத்துக்குச் சென்றது. புகையிடும் தொழிலும் வீட்டை விட்டுத் தொழிற்கூடத்துக்குச் சென்றது. 1939இல் அபர்டீனின் டோரி ஆராய்ச்சி நிலையத்தில், புகையையும் வெப்பத்தையும் அளவோடு செலுத்தும் இயந்திரச் சூளை உருவாக்கப்பட்டது. இதனால் சீரான தரம் கிடைத்தது.

ஆனால் குறுக்கு வழியும் புகுந்தது. நெடுநேரம் புகையிட்டால் மீனின் நீர் வற்றி எடை குறையும். எடை குறைந்தால் வருவாய் குறையும். ஆகவே சிலர் சிறிது நேரமே புகையிட்டு, மஞ்சள் சாயத்தில் தோய்த்து விற்றார்கள். இன்றும் கடைகளில் பளிச்சென்ற மஞ்சள் மீனையும் வெளிர் மஞ்சள் மீனையும் அருகருகே காணலாம். வெளிர் நிறமே சாயமில்லாத மீன். ஃபின்னன் என்னும் பெயரும் ஊரைக் கடந்து, அட்லாண்டிக்கின் அக்கரையில் புகையிட்ட மீனுக்கும் வழங்கலாயிற்று. ஆர்ப்ரோத் மக்கள் விழித்துக்கொண்டார்கள். 2004இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆர்ப்ரோத் ஸ்மோக்கிக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்தது. ஆர்ப்ரோத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள், பழைய முறைப்படி செய்த மீனே அந்தப் பெயரைத் தாங்கலாம்.

இனி, வீட்டுச் சமையலுக்கு வருவோம். ஃபின்னன் மீனை அகன்ற சட்டியில் வைத்து, மூழ்கும் அளவு பாலூற்றி, சிறிது வெண்ணெயும் மிளகும் சேர்த்து, இளந்தீயில் பத்து நிமிடம் வேகவைப்பார்கள். பால் தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் மீன் இறுகிவிடும். சதை இதழ் இதழாகப் பிரிந்தால் பதம் வந்துவிட்டது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே சேர்க்க வேண்டும். மீனிலேயே உப்பு உண்டு. வடகிழக்குக் கரையிலுள்ள கல்லன் என்னும் ஊரில், வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு உருளைக்கிழங்கை வேகவைத்து, மீனையும் அது வெந்த பாலையும் கலந்து சூப் செய்வார்கள். அதுவே கல்லன் ஸ்கிங்க். ஸ்கிங்க் என்பது முதலில் மாட்டின் முன்னங்கால் கறியில் செய்த சூப்பின் பெயர்; பின்னர் மீன் சூப்புக்கும் அப்பெயர் வந்தது. 1773இல் இதே கல்லனில், அகராதி தந்த டாக்டர் ஜான்சனுக்குக் காலை உணவாக வாட்டிய உலர் ஹேடக் வந்ததாம். அதைக் கண்டதுமே அவர் முகம் சுளித்ததால் எடுத்துச் சென்றுவிட்டார்கள். உடன் சென்ற பாஸ்வெல் ஒன்றைத் தின்றதாகத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார்.

இன்னொரு பண்டம் நமக்கு நெருங்கிய உறவு. இந்தியாவில் அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்யும் கிச்சடியை ஆங்கிலேயர் விரும்பி உண்டார்கள். அது பிரிட்டனுக்குச் சென்றபோது பருப்பு நீங்கியது. புகையூட்டிய ஹேடக்கும் வேகவைத்த முட்டையும் கறித்தூளும் சேர்ந்தன. கெட்ஜரி என்ற பெயரில் அது அவர்களின் காலை உணவாயிற்று. கிச்சடி என்ற சொல்லே அப்படித் திரிந்தது.

நேயர்களே, ஓர் உணவின் பிறப்பைப் பற்றிக் கதை கேட்கும்போது, அதை நாள்தோறும் செய்தவர் யார் என்றும் கேளுங்கள். நம் வீட்டுக் கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் இல்லை. அவற்றைச் செய்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்கள் அருகே அமர்ந்து, அளவையும் பக்குவத்தையும் கேட்டு எழுதி வைத்தால், நாளைய வரலாற்றில் அந்தக் கைகளுக்கும் இடம் கிடைக்கும்.