உள்நாட்டு யுத்தம்... எந்த நாட்டுக்குள்?

சுவிசுக்கு வந்த புதிதில் டொச் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் ஒரு எரித்திரியக்காரர் இருப்பார். தலை நரைத்த மனுசன். ஒருநாள் ரீச்சர் 'பூர்கர்கிறீக்' என்று பலகையில் எழுதி, "உங்கள் நாட்டில் நடந்ததும் இதுதானே?" என்று அவரைக் கேட்டார். பூர்கர் என்றால் குடிமகன், கிறீக் என்றால் யுத்தம். அவர் அரைகுறை டொச்சில் சொன்னார்: "நான் எத்தியோப்பியக் குடிமகனாக இருக்க ஒருக்காலும் கேட்கவில்லை."

அன்றைக்கு அது வீம்பாகத்தான் பட்டது. பிறகு வாசிக்கத்தான் விளங்கியது.

எரித்திரியா 1890 முதல் இத்தாலியின் காலனி. 1941 இல் பிரித்தானியர் கைப்பற்றினார்கள். 1950 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை அதை எத்தியோப்பிய முடியின் கீழ் சமஷ்டியாக இணைக்கத் தீர்மானித்தது. சனத்திடம் வாக்கெடுப்பு இல்லை. 1952 இல் சமஷ்டி வந்தது. 1962 நவம்பரில் பேரரசர் ஹெய்லி செலாசி அதையும் கலைத்து எரித்திரியாவை ஒரு மாகாணமாக்கினார். முதல் வெடி அதற்கு முன்பே, 1961 செப்ரெம்பரில் தீர்ந்துவிட்டது. யுத்தம் 30 வருடம் நீடித்தது.

அடிஸ் அபாபாவுக்கு அது உள்வீட்டு விசயம், எதிரே நிற்பவர்கள் பிரிவினைவாதிகள். எரித்திரியருக்கோ முடியாத காலனி ஆட்சி. 1964 இல் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு காலனிக்கால எல்லைகளை மதிக்கவேண்டும் என்றது. எரித்திரியாவின் எல்லையே இத்தாலியன் கீறியதுதானே! ஆனால் அந்த அமைப்பின் தலைமையகம் இருந்ததோ அடிஸ் அபாபாவில்...

1991 மே 24 இல் அஸ்மாரா விழுந்தது. 1993 ஏப்ரல் வாக்கெடுப்பில் 99 வீதத்துக்கு மேல் சுதந்திரம் கேட்டார்கள். அடுத்த மாதமே ஐ.நா. உறுப்புரிமை.

1998 மேயில் பத்மே என்ற சிறு ஊருக்காக மறுபடி யுத்தம். இரண்டு பக்கமும் அதே சனம்தான். ஆனால் இந்தமுறை அதற்குப் பெயர் சர்வதேச யுத்தம்! பிடிபட்டவன் போர்க்கைதி. கைதிகளை நடத்திய விதம்பற்றி ஹேக்கில் ஒரு ஆணைக்குழு விசாரித்து 2003 இல் தீர்ப்பும் சொன்னது. முந்திய 30 வருடத்தில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை. உள்நாட்டு யுத்தம் என்றால் ஜெனீவா உடன்படிக்கைகளில் பொதுவான 3ம் உறுப்புரை மட்டும்தான். ஒரு சொல்லில் எத்தனை உயிர் தொங்குகிறது பாருங்கள்.

'உள்நாட்டு' என்று வாயெடுத்தவுடனேயே அந்த நிலம் யாருடையது என்ற வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. வழக்கே அதுதானே! நிலம் யாருடையது என்று முதலில் கேட்கவேண்டும். யுத்தத்துக்குப் பெயர் பிறகு வைக்கலாம்.

அப்படியானால் எரித்திரியாவில் உள்நாட்டு யுத்தமே நடக்கவில்லையா? நடந்தது. 1972 முதல் 1974 வரையும், 1980-81 இலும் எரித்திரிய விடுதலை முன்னணியும் அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மக்கள் விடுதலை முன்னணியும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. தோற்ற முதலாவது இயக்கம் சூடானுக்குள் தள்ளப்பட்டது.

வகுப்பு முடியும் காலத்தில் இதைப்பற்றி அவரிடம் கேட்டேன். கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என்ர அண்ணன் மற்ற இயக்கம். ரீச்சரின்ர சொல் அதுக்குத்தான் பொருந்தும்."

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.